அடர் மஞ்சள்

என் அக்கா புருஷன் உலகத்தைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருக்கிறார் என்று நான் ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் அப்படி ஒரு வேலை என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? தண்ணீர்க் குழாயும் பம்பும் ஒழுகாமல் இருக்க நடுவில் ஒரு கறுப்பு வளையம் போடுவார்களே, அதுதான் அவர்கள் சரக்கு. அந்த வளையத்துக்கும், எங்கேயோ இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடமே கேட்டேன். "ரப்பர் ஒரு நாட்டுல இருந்து வருது, அதுல கலக்கற கரித்தூள் இன்னொரு நாட்டுல இருந்து வருது, ரெண்டும் ஒரே கடல்ல வருது மாப்ளே. அந்தக் கடலை எவனாவது மூடிட்டா உன் லாரிக்கும் லோடு இல்ல" என்றார். நான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். அந்தக் கம்பெனிச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து ஏற்றி வருவது என் வண்டிகள்தான். அதனால் அந்த பதிலுக்குப் பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தான் பத்திரிகைக்காரர். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல வருஷம் பார்த்தவர். பத்திரிகையை இழுத்து மூடியபோது தலைமுடி பாதி நரைத்திருந்தது, வேறு தொழிலும் தெரியாது. அந்த நேரம் பார்த்து கம்பெனி முதலாளிக்கு ஒரு அடி விழுந்தது. தூரத்தில் ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, அவருடைய கரித்தூள் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தது. மெஷின்கள் சும்மா நின்றன. சூடு கண்ட பூனையாக அவர் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் எந்த ஒப்பந்தம் போட்டாலும், எந்த ஊரில் கிளை திறந்தாலும், அந்த நாட்டு அரசியலைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் அத்தானுக்கு அங்கே ஒரு மேஜை கிடைத்தது. கம்பெனியில் அவருக்கு 'வானிலை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அவர்கள் மகள் பாப்பா அவரிடம், "வானிலை சார், சமையல் ரூம் இன்னைக்கு என்ன கலர்?" என்று கேட்பாள். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "சிவப்பு. அந்தப் பக்கம் போகாதே" என்பார்.

கலர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மீட்டிங் அறைச் சுவர் முழுக்க ஒரு உலகப் படம் ஒட்டிய இரும்பு போர்டு. கம்பெனிக்குச் சம்பந்தமுள்ள ஒவ்வொரு ஊரின் மீதும் காந்தம் வைத்த ஒரு வட்ட அட்டை. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஒரு கண் வை. சிவப்பு என்றால் கையை எடு. திங்கட்கிழமை காலையில் எல்லாத் துறைத் தலைவர்களும் உட்கார, அத்தான் அட்டைகளை மாற்றி வைத்துக் காரணம் சொல்வார். முதலாளி ஒரு விதி போட்டிருந்தார். எந்த ஊரில் சிவப்பு விழுகிறதோ, அந்த ஊரைக் கவனிக்கும் தலைவர் அங்கேயே எழுந்து, தான் என்ன செய்யப் போகிறார், செலவு எவ்வளவு, அது தன் துறைக் கணக்கில் எங்கே இருந்து வரும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கேட்க நல்ல விதிதான். ஆனால் நடந்தது என்ன? பூனைக்கு மணி கட்டச் சொன்னால் எலிகள் என்ன செய்யும், அதுதான். சிவப்பு விழுந்தால் எழுந்து நிற்க வேண்டுமே என்று ஒவ்வொருவரும் தன் ஊருக்கு வக்கீலாகிவிட்டார். "அங்க எப்பவும் அப்படித்தான் சார்." "தேர்தல் முடிஞ்சா அடங்கிடும் சார்." "எங்க ஏஜெண்ட் மந்திரிக்கே சொந்தம் சார்." ஒரு திங்கட்கிழமை விற்பனைத் தலைவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர், நல்ல பேச்சுக்காரர். "மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல ஒண்ணு வெச்சுக்கலாமே? அடர் மஞ்சள். ரொம்ப உன்னிப்பா கவனிக்கிறோம்னு அர்த்தம். யாரும் எழுந்து நிக்க வேண்டாம், செலவும் இல்ல." அடுத்த வாரமே அட்டை அச்சாகி வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பாதி உலகம் அடர் மஞ்சளாகிவிட்டது. காண்டீன்காரர்கூட, "டீ அடர் மஞ்சளா இருக்கு, பரவாயில்லையா சார்?" என்று கேட்பாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அங்கே சரக்குப் பிரிவைப் பார்க்கிற என் நண்பர்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் சமாளித்தார். அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. "எனக்கு எந்த நாடும் உறவு இல்ல, எந்த நாடும் பகை இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லுவேன்" என்பார். பத்திரிகையில் கற்ற பாடம். வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட இரு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அக்காவுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "பொண்டாட்டி பக்கம் பேசுறதுக்கும் சாட்சி வேணுமா?" என்று கத்துவாள்.

பாப்பா அவர்களுக்கு ஒரே மகள். வளையம் வார்க்கிற அச்சை வடிவமைக்கிற இன்ஜினியர். இருபதுகளின் கடைசியில் இருக்கிறாள், இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். அதே கம்பெனியில் தேர்வு எழுதித்தான் சேர்ந்தாள். அவளைப் பற்றிய பேச்சு வந்தாலே அத்தான் மீட்டிங்கில் இருந்து எழுந்து வெளியே போய்விடுவாராம், சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. கடல் தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் புதிதாக ஒரு சின்னத் தொழிற்சாலை திறந்தபோது, அதை நடத்த அவளைத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் சிரித்தாள். "மாமா, நான் மெஷின் ஓட்டப் போறேன், சண்டைக்கா போறேன்?"

அங்கே அவளுக்கு நல்ல பெயர். உள்ளூர் ஆட்கள்தான் வேலைக்கு. அதில் அச்சு மெக்கானிக் ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லுவாள். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவள் பேசுகிற அரைகுறை மொழியைக் கிண்டல் செய்துகொண்டே திருத்துவாராம். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். அவர்கள் வீட்டில்தான் பாப்பாவுக்கு வாராவாரம் சாப்பாடு. போனில் அந்தக் குழந்தைகளைக் காட்டுவாள். பெரியவளுக்கு முன் பல் விழுந்திருந்தது.

இரண்டாவது வருஷம் அந்த நகரத்தைப் பற்றி அத்தானுக்கு உறுத்த ஆரம்பித்தது. தினமும் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். அங்கே இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பாதி வகுப்புகள் காலியாகிவிட்டன. பக்கத்து நாடு தேவைக்கு மேல் கோதுமை வாங்கி அடுக்குகிறது. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிறவர்கள் சத்தமில்லாமல் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். "ஒண்ணொண்ணும் தனியா பாத்தா ஒண்ணுமில்ல. சேத்துப் பாத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். "அப்போ என்ன கலர்?" என்று கேட்டேன். "சிவப்பு. சந்தேகமே இல்ல" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை சிவப்பு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போர்டுக்கு முன்னால் நின்றார். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பெனி அப்போது அதே நகரத்தில் தொழிற்சாலையை இரண்டு மடங்காக்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த நேரம். அந்த ஊரைக் கவனிக்கிற விற்பனைத் தலைவர் முழுக்கக் கேட்டுவிட்டு வழக்கமான சிரிப்போடு சொன்னார்: "பொண்ணு ஞாபகம் வந்திருச்சா சார்? லீவு போட்டு வரச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு ஒரு நாட்டையே சிவப்பாக்கணும்?" அறையே சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் மரியாதை தெரிந்த மனிதர். மெதுவாகத்தான் கேட்டார். "சார், நான் உங்களை நம்புறேன். நீங்களே சொல்லுங்க. இது உங்க கணிப்பா, இல்ல ஒரு அப்பாவோட கவலையா?"

அத்தான் கையில் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், நண்பர் சொன்னார். அவருக்கே தெரியவில்லை, அதுதான் உண்மை. தினமும் அந்த நகரத்துச் செய்தியை மற்ற ஊர்ச் செய்தியைவிட அதிகமாகப் படித்தாரா? படித்தார். தூக்கம் கெட்டது யாருக்கு? அப்பனுக்குத்தான். திருடனை மிரட்டினால் எதிர்த்து நிற்பான். யோக்கியனிடம் போய் 'இதில் உனக்குச் சுயநலம் உண்டா' என்று கேட்டுப் பாருங்கள், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவான். அத்தான் சிவப்பு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டப்பாவிலிருந்து அடர் மஞ்சளை எடுத்து அந்த ஊரின் மீது வைத்தார். விற்பனைத் தலைவர் நன்றி சொன்னார். போர்டில் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. சிரித்தவன் மேல் பாதி, சிரிப்புக்குப் பயந்தவர் மேல் பாதி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாப்பா போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். கதை பேசிவிட்டு, பாப்பா குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. மெக்கானிக் அண்ணன் தன் வீட்டம்மாவையும் பிள்ளைங்களையும் ஆத்துக்கு அந்தப் பக்கம், மாமியார் ஊருக்கு அனுப்பட்டுமான்னு கேக்கறார். எனக்கும் புரியல. என்ன பண்ணலாம்?"

"போர்டுல அடர் மஞ்சள்தாம்மா" என்றார் அத்தான்.

"போர்டு எனக்கும் மெயில்ல வந்துச்சு. அதை விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயசைத்து 'சொல்லுங்க' என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் அதேதான் சொல்றேன்."

"அப்ப சரிப்பா" என்றாள் பாப்பா. அவள் குரலில் இருந்த நிம்மதியை நான் கேட்டேன். போனை வைத்தாள்.

அக்கா பொங்கிவிட்டாள். "உள்ளதைச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் பொய் சொன்னீங்க, சரி, சோத்துக்குன்னு நினைச்சுக்கறேன். பெத்த பிள்ளைக்கு எதுக்குச் சொன்னீங்க?"

"அங்க வேலை செய்யற எல்லாருக்கும் ஒரு பதில், என் பொண்ணுக்கு மட்டும் காதுக்குள்ள வேற பதிலா? அது துரோகம் இல்லையா? மத்த பிள்ளைங்களுக்கு அப்பா இல்லையா?"

"அப்ப எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுங்களேன் அத்தான்" என்றேன். "அக்கா சொல்றதுல என்ன தப்பு?"

"அது என் உண்மையா, என் பயமான்னு எனக்கே தெரியல மாப்ளே." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார். நியாயமாக இருப்பதாகத்தான் அவர் நினைத்தார், சத்தியமாக. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். அவர் வெட்கத்துக்குப் பயந்தார்.

துக்கம் வர ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு காலையில் டீக்கடை டிவியில் அந்தத் துறைமுகத்தைப் பார்த்தேன். புகையாக இருந்தது. பக்கத்து நாட்டுப் படை எல்லை தாண்டிவிட்டது. வந்த அன்றே ஆற்றுப் பாலத்தை உடைத்துவிட்டார்கள். விமானம் கிடையாது. போனும் கிடைக்கவில்லை. நான் கடையிலிருந்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் செருப்புக்கூடப் போடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பாலம் போயிடுச்சு மாப்ளே, பாலம் போயிடுச்சு" என்று அதையே சொன்னார்.

கம்பெனியில் இன்னொரு ஏற்பாடு இருந்தது, எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆபத்தான இடங்களிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவரும் ஒரு ஏஜென்சியோடு ஒப்பந்தம். போர்டில் சிவப்பு விழுந்த ஊர்களுக்கு மட்டும் அவர்கள் கப்பலிலும் வண்டியிலும் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பார்கள், அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. அடர் மஞ்சள் என்று ஒரு நிறமே அவர்கள் கணக்கில் இல்லை. "உங்க போர்டுல சிவப்பு இல்லையே சார்" என்றார்கள். முதலாளி ஆடிப்போய்விட்டார். எங்கெங்கோ பேசினார், கெஞ்சினார். கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் சில இடங்கள் கிடைத்தன. தலைமை அலுவலகத்திலிருந்து போனவர்களுக்கு மட்டும்.

கப்பல் இறக்கிவிட்ட நாட்டிலிருந்து விமானம் ஏறிப் பாப்பா வந்துவிட்டாள். விமான நிலையத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாருடைய ஸ்வெட்டரையோ போட்டிருந்தாள். அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். பாப்பா அழவில்லை. அத்தான் பக்கத்தில் போனார். அவள் பையை மட்டும் அவரிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, மெக்கானிக் நம்பருக்குப் போன் போடுவது. ஆரம்பத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அத்தானிடம் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. இந்த மாதிரி அபாயங்களை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள். விற்பனைத் தலைவர் அத்தானைக் கூப்பிட்டார். "உங்க போர்டை வரவேற்பு அறைக்குக் கொண்டு வர்றோம் சார். நீங்க அன்னைக்கு கையில சிவப்போடதானே வந்தீங்க? அந்த மாசத்துக்குச் சிவப்புன்னே போட்டுடலாம். அது பொய் இல்லையே? உங்களுக்குத்தான் பெருமை."

"அன்னைக்கு நான் வெச்சது அடர் மஞ்சள். அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அத்தான். அன்றே வேலையை விட்டு வந்துவிட்டார். கண் கெட்ட பிறகு வந்த வீரம். இருந்தாலும் அன்று ஒரு நாள் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பாப்பாவும் அங்கே இனி வேலை செய்யப் போவதில்லை. அவளுடைய சாமான்களை எடுத்து வர நான்தான் கூட்டிப் போனேன். வரவேற்பு அறையில் அந்த போர்டு நின்றது, மேலே புது விளக்குகளோடு. அவளுடைய துறைமுகத்தின் மீது சிவப்பு. கீழே பெரிய எழுத்தில், 'வருமுன் அறிந்தோம்' என்று ஒரு பலகை. பக்கத்தில் அத்தானுடைய படம், யாரோ மீட்டிங்கில் எடுத்தது. கையில் சிவப்பு அட்டை தெரிகிறது.

பாப்பா கிட்டே போய் நின்றாள். "இது எப்ப வெச்சது?" என்று மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"ஆரம்பத்துல இருந்தே சிவப்புதான் மேடம். எங்க கம்பெனி முன்னாடியே சொல்லிடுச்சு" என்றாள் அந்தப் பெண். பாவம், யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா அத்தான் எதிரில் உட்கார்ந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கையில சிவப்பு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"நான் போன்ல கேட்டப்ப?"

"அப்பவும் மனசுல சிவப்புதாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். "அந்த அண்ணன் போர்டைப் பத்தி என்கிட்ட கேக்கவே இல்ல. உங்கப்பா என்ன சொல்றார்னுதான் கேட்டார். அன்னைக்கு அவர் வீட்டு வாசல்ல பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தாங்க. எங்கப்பா பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டார், அவர் எனக்குப் பொய் சொல்ல மாட்டார்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெரிய பொண்ணு பெட்டியைப் பிரிச்சு பொம்மையை வெளிய எடுத்துடுச்சு."

அக்கா துணியை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அத்தானின் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"அந்த நம்பரை எனக்கும் குடும்மா. நானும் போட்டுப் பாக்கறேன்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குப்பா? என்ன கலர்னு சொல்றதுக்கா?"